நாற்பது நாள் ஆசான்

மலேசியத் தோட்டப்புறங்களில் லயத்து வீடுகள் வரிசை வரிசையாக நின்ற காலத்தில், அவ்வீடுகளின் பின்புறம் வெறுந்தரையாகக் கிடந்தது அரிது. விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்று நண்பகலுக்குப் பின் திரும்பிய கைகள், சற்றே இளைப்பாறியதும் மண்வெட்டியைப் பற்றின. முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, பாகல், மரவள்ளி ஆகியவற்றோடு வேலியோரத்தில் ஒரு வெள்ளரிக் கொடியும் படர்ந்திருக்கும். மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் அவற்றுக்கு எருவாயின. எத்துணை ஆழத்தில் விதைப்பது, எப்பொழுது நீர் விடுவது என்றெல்லாம் எவரும் எவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. தாய் விதைக்கையில் மகள் அருகே நின்று பார்த்தாள். தந்தை பந்தல் கட்டுகையில் மகன் கயிறு எடுத்துக் கொடுத்தான். அந்த அறிவு ஏட்டில் இருந்ததன்று, கையில் இருந்தது, கையிலிருந்து கைக்குச் சென்றது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனையும் புதிய வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. மக்கள் பலர் நகர்ப்புறத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிச் செல்ல முடிந்தது. வீட்டின் பின்புறத்து மண்ணை ஏற்றிச் செல்ல முடியவில்லை. மண் இல்லாமற் போனதும் அந்தக் கையறிவும் இரண்டே தலைமுறையில் அறுபடலாயிற்று. இன்று அடுக்குமாடியில் இருந்துகொண்டு ஒரு காய்கறிச் செடி வளர்க்க விரும்பும் ஒருவருக்கு முதல் இடர் மண் இல்லாமை அன்று. மண்ணைப் பையில் கட்டிக் கடைகளில் விற்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாமையே அவருடைய முதல் இடர்.

அத்தகையவர் வெள்ளரியிடம் செல்வது நலம். அது வளர்ப்பதற்கு மிக எளிய செடி என்பதனால் அன்று. கேட்டதற்கு விரைந்து விடை சொல்லும் செடி என்பதனாலேயே. மாங்கன்று நட்டவர் செய்த பிழை ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அதற்குள் பிழை இன்னதென்பதே மறந்து போயிருக்கும். வெள்ளரியோ மூன்று நான்கு நாளில் முளைக்கிறது. ஒரு மாத அளவில் பூக்கிறது. 40 முதல் 50 நாளுக்குள் காய் தருகிறது. நீர் குறைந்தால் அன்று பிற்பகலே இலை தளர்ந்து காட்டுகிறது. இவ்வளவு விரைவாகவும் வெளிப்படையாகவும் பேசும் ஓர் ஆசானைக் காய்கறிகளுள் காண்பது எளிதன்று.

இக்கொடியின் தாயகம் இந்தியா. இமயமலை அடிவாரத்தில் இதன் காட்டு இனம் இன்றும் கசந்த சிறு காய்களோடு வளர்கிறது. வெப்பத்தை விரும்பும் இதற்கு மலேசியத் தட்பவெப்பம் ஏற்றதே. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் முதுமொழி முன்னோரோடு கப்பலேறி இந்நாட்டுக்கு வந்ததுதான். ஆயினும், ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் இந்நாட்டில் வெள்ளரிக்கு ஆடியும் ஒன்று, தையும் ஒன்று. கிழக்குக் கரை மாநிலங்களில் நவம்பர் தொடங்கிப் பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் கடுமையை மட்டும் தவிர்த்துக்கொண்டால் போதும். நல்ல நாள் பார்த்துக் காத்திருக்கிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட இங்கு எவருக்கும் இடமில்லை.

அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு தாயைக் கருதிப் பார்க்கலாம். தோட்டத்தில் பிறந்து, சிறுமியாய் இருக்கையிலேயே நகரத்துக்கு வந்தவர் அவர். தம் தாய் வெள்ளரி வளர்த்தது அவருக்கு நினைவிருக்கிறது. எப்படி வளர்த்தார் என்பது நினைவில் இல்லை. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மகனுக்கு வெள்ளரிக்காய் தெரியும். நாசி லெமாக் பொட்டலத்தில் நெத்திலிச் சம்பலுக்குப் பக்கத்தில் வட்ட வட்டமாக வைக்கப்படுவது. சாத்தேயோடு துண்டு துண்டாக வருவது. அதற்கு ஒரு பூ உண்டு என்பதும், அது மஞ்சள் நிறம் என்பதும் அவன் அறியாதவை.

அவர் முதலில் வாங்க வேண்டியது விதை அன்று; முதலில் பார்க்க வேண்டியது வெயில். வெள்ளரிக்கு நாள்தோறும் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். மாடியின் எந்தப் பக்கத்தில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது என்பதை இரண்டு மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடக்கநிலையினர் பலருடைய செடி நோயால் அழிவதில்லை, நிழலால் மெலிகிறது. வெயில் விழும் இடம் கைப்பிடிச் சுவரின் மேற்புறம் மட்டுமே என்றால், அங்கே தொட்டி வைக்கும் எண்ணத்தையே கைவிட வேண்டும். காற்றில் சாயும் தொட்டி கீழே நடப்பவர் உயிருக்கு எமன். தொட்டி தரையில்தான் நிற்க வேண்டும்.

ஒரு செடிக்கு 20 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று போதும். அடியில் துளையிட்ட வாளியும் ஆகும். மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்பது இந்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் கலவை. மணல் நீரை வடிக்கிறது. எரு நீரைப் பிடித்து வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வேர் மூச்சுவிடும். தொட்டியின் கீழே தட்டு வைப்பவர் அதில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர். ஏடிஸ் கொசு ஒரு சிறு தட்டு நீரிலும் பெருகும். டிங்கிக் காய்ச்சல் அண்டை வீட்டையும் தாக்கும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் இதற்குத் தண்டமும் விதிக்கிறது. பலர் கூடி வாழும் இடத்தில் தோட்டக்கலையும் ஓர் ஒழுக்கமே.

ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு மூன்று விதைகளை விரற்கடை ஆழத்தில் ஊன்றி, மண்ணை மெல்ல மூடி, நீர் தெளித்து வைக்க வேண்டும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மண் வெடிக்கும். வளைந்த தண்டு ஒன்று முதலில் முதுகைக் காட்டும். பின்னர் நிமிர்ந்து, தடித்த இரு வித்திலைகளை விரிக்கும். அவை வழவழப்பான நீள்வட்ட இலைகள். அடுத்து வரும் இலைதான் ஓரம் கூர்மையாய், சுணையோடு, வெள்ளரி இலையின் உண்மை வடிவத்தைக் காட்டும்.

இங்கே தொடக்கநிலையினருக்கு முதற்சோதனை வருகிறது. மூன்றும் முளைத்துவிட்டால், வலுவான ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் கத்தரியால் அடியோடு நறுக்கிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் ஆடும். முளைத்ததை அழிக்க மனம் வருவதில்லை. மூன்றையும் வைத்துக்கொள்வோர் மூன்று மெலிந்த கொடிகளைப் பெறுகிறார்கள், காய் பெறுவதில்லை. தோட்டத்துப் பாட்டிமார் இதைத் தயங்காமல் செய்தார்கள். அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். அந்த மண்ணில் எத்தனை உயிர் வாழ முடியும் என்று அறிந்தவர்கள்.

இரண்டாம் சோதனை அன்பு மிகுதியால் வருவது. காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று நீரை ஊற்றிக்கொண்டே இருப்போர் உண்டு. வேர் அழுகிய செடியும் வாடும். நீரற்ற செடியும் வாடும். வாட்டம் கண்டவுடன் நீர் ஊற்றுவது, பசியா அஜீரணமா என்று கேளாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதை ஒக்கும். விரலை மண்ணுள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் நீர் வேண்டுவதில்லை. காய்க்கும் பருவத்தில் மட்டும் நீர் ஒரு நாளும் தவறலாகாது. ஏனெனில் காயின் எடையில் 100க்கு 95 பங்கு நீரே. நீரை வேரடியில் விடுவதே முறை. மாலையில் இலைகளை நனைத்துவிட்டு உறங்கச் செல்வோர் நோய்க்கு விருந்து வைத்தவர் ஆவர். உரமும் அவ்வாறே. தழைச்சத்து மிகுந்தால் கொடி கரும்பச்சையாய்ச் செழித்துப் படரும்; பூக்க மறக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை சிறிதளவு இடுவதே தக்கது. பூக்கத் தொடங்கியபின் சாம்பல்சத்து மிகுந்த உரம் நன்று.

மூன்றாம் வாரத்தில் கொடி ஓடத் தொடங்கும். அதற்குமுன் ஆறடி உயரத்திற்குக் கொம்பு நாட்டி, கயிறோ வலையோ கட்டிவிட வேண்டும். 'கொழுகொம்பு' என்று தமிழ் இலக்கியம் சொல்லும் சொல்லின் பொருள் இந்த வாரத்தில்தான் மாணவனுக்கு முழுமையாக விளங்கும். இலைக்கணுவிலிருந்து நூல்போல் புறப்படும் பற்றுக்கம்பி, காற்றில் வட்டமிட்டுத் தேடும். கயிற்றைத் தொட்டதும் சுற்றிக்கொள்ளும். பிறகு அதன் நடுப்பகுதி சுருள்வில்லாய்ச் சுருண்டு, கொடியைக் கொம்பின் பக்கம் இழுக்கும். உற்று நோக்கினால் ஒரு விந்தை தெரியும்: சுருளின் ஒரு பாதி வலப்புறமாகவும் மறுபாதி இடப்புறமாகவும் சுற்றியிருக்கும். இரு முனையும் கட்டுண்ட கயிற்றை ஒரே பக்கமாக முறுக்க முடியாதன்றோ? சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளின் அசைவைப் பற்றி 1865இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்விருபக்கச் சுருளை ஆராய்ந்தார். 2012இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளரியின் பற்றுக்கம்பியையே எடுத்துக்கொண்டு, அதனுள் ஓடும் ஈரடுக்கு நார்ப்பட்டையில் ஓர் அடுக்கு மற்றதைவிட மிகுதியாகச் சுருங்குவதே சுருளுக்குக் காரணம் என்று காட்டினர். உலகப் பெயர் பெற்ற ஆய்வுக்கூடம் ஒன்று ஆராய்ந்த பொருள், அடுக்குமாடி வீட்டு வாளியில் ஒரு சிறுவனின் கண்ணெதிரே நிகழ்கிறது.

பூக்கும் பருவம் வந்ததும் மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே வரும். ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூக்கள் நாள்தோறும் மலரும், நாள்தோறும் உதிரும், ஒன்றும் காயாவதில்லை. "எல்லாம் மலட்டுப் பூவா, அம்மா?" என்று மகன் கேட்பான். மனமுடைந்து கொடியைப் பிடுங்கி எறிவோரும் இந்த வாரத்தில்தான் எறிகிறார்கள். உண்மை வேறு. வெள்ளரியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கின்றன, ஆண்பூக்கள் முந்திக்கொள்கின்றன. பெண்பூவை அடையாளம் காண்பது எளிது: இதழ்களுக்குப் பின்னால் விரல்நுனி அளவில் ஒரு குட்டி வெள்ளரி முன்பே உருவாகி நிற்கும். ஆண்பூவின் பின்னால் மெல்லிய காம்பு மட்டுமே. இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் கண்டவன் வாழ்நாளில் மறவான்.

தோட்டத்தில் இப்பூக்களைத் தேனீ நாடி வந்தது. மூன்றாம் மாடிக்குத் தேனீ வரலாம், வராமலும் போகலாம். வராத இடத்தில் மனிதர் அப்பணியை ஏற்க வேண்டும். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், புதிதாக மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் கொய்து, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். அவ்வளவே. பெண்பூவின் வாழ்நாள் ஒரு பகல். அதைத் தவறவிட்டால் பிஞ்சு மஞ்சளித்துச் சில நாளில் உதிரும். மகரந்தம் அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சூம்பியும் கோணும். மகரந்தச் சேர்க்கை இன்றியே காய்க்கும் கலப்பின விதைகளும் கடையில் உண்டு. மேல்மாடியில் இருப்போர் அவற்றை நாடுவதில் தவறில்லை. ஆனால் பூவைத் தொட்டுக் காய் பிடிக்கச் செய்த சிறுவன் பெறும் வியப்பு அவற்றில் கிட்டாது.

பகைவரும் உண்டு. சிவந்த சிறு வண்டு இலையை வட்டமாகத் தின்னும். காலைக் குளிரில் அது மந்தமாக இருக்கையில் கையால் பிடித்துவிடலாம். பழ ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். உள்ளே புழு நெளியும். பிஞ்சு சுட்டுவிரல் அளவு ஆனதும் காகிதப் பையால் மூடிக் காம்பில் கட்டிவிடுவதே தடுப்பு. மழை தொடர்ந்தால் இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே மூலை மூலையான மஞ்சள் புள்ளிகளும், அடிப்புறம் சாம்பல் நிறப் பூசணமும் தோன்றும். அது அடிச்சாம்பல் நோய். தாக்குண்ட இலைகளை உடனே அகற்றி, காற்று புக வழி செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மருந்துக் கடைக்கு ஓடுமுன் ஒரு மருந்து உண்டு: நாள்தோறும் ஐந்து நிமிடம் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது.

பூத்த பத்து நாள் அளவில் காய் பறிக்கும் பக்குவம் அடையும். இழுத்துப் பறித்தால் கொடி கிழியும். கத்தரியால் நறுக்குவதே முறை. இன்னும் பெருக்கட்டும் என்று விட்டுவைப்பது பேராசை. ஒரு காய் முற்றி விதை கொண்டால் கொடி தன் கடமை முடிந்ததென்று புதுப்பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றுவிட்டொரு நாள் பறித்தால் மேலும் மேலும் காய்க்கும். சில காய் கசப்பதும் உண்டு. நீர்ப்பஞ்சமும் கடுவெயிலும் கண்ட கொடியில் குக்கர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருள் காம்புப் பக்கத்திலும் தோலிலும் மிகுவதே அதன் காரணம். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கும் வழக்கம் பலர் வீட்டில் உண்டு. பயன் தருவது தேய்ப்பது அன்று, காம்புப் பக்கத்தைத் தாராளமாக வெட்டி எறிவதும் தோலைச் சீவுவதுமே.

அந்தக் காயை நீளவாக்கில் பிளந்து தட்டில் வைக்கும்போது தமிழாசிரியருக்கு ஒரு பாட்டு நினைவுக்கு வரக்கூடும். கணவன் பூதப்பாண்டியன் மறைந்தபின் தீப்பாயத் துணிந்த பெருங்கோப்பெண்டு பாடியது புறநானூற்றின் 246ஆம் பாட்டு. கைம்பெண் உண்ணும் சோற்றில் படாத வெள்ளிய நறுநெய்க்கு அவர் காட்டும் உவமை, அணிலின் முதுகிலுள்ள வரியைப் போன்ற வரியுடைய வளைந்த காயை வாளால் பிளந்தபோது தெரியும் விதை. அக்காயை வெள்ளரி என்றே உரையாசிரியர் கொள்வர். வகுப்பறையில் இவ்வுவமையை விளக்க எத்துணைச் சொற்கள் வேண்டும்! கொடியில் வரியோடிய காயைக் கண்டு, தானே பிளந்து, ஈரத்தில் வழுக்கும் வெளிறிய விதையைத் தொட்டுப் பார்த்த மாணவனுக்கு எத்துணைச் சொற்கள் வேண்டும்? அரசி ஒருத்தி தன் துயரத்தைச் சொல்ல அடுக்களையிலிருந்து எடுத்த அந்தப் பொருள், அவன் கையில் இருக்கிறது.

தமிழ், அரும்பு, மொட்டு, மலர் என்றும், பிஞ்சு, காய், கனி என்றும் ஒரு செடியின் வாழ்வைப் படிப்படியாகப் பெயரிட்டு வைத்த மொழி. அப்படிகளைக் காணாத பிள்ளைக்கு அவை தேர்வுக்கு மனனம் செய்யும் பட்டியல். கண்ட பிள்ளைக்கு அவை திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் உள்ள வேறுபாடு. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வெயில் விழும் ஒரு மூலையும் ஒரு வாளியும் இல்லாத பள்ளி அவற்றுள் இராது. ஒரு பள்ளித் தவணைக்குள் வெள்ளரி தன் வாழ்வின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டிவிடும். வேறெந்தப் பாடநூல் அவ்வாறு செய்யும்?

நெருக்கடி நேரும்போதெல்லாம் இந்நாட்டு மக்கள் மண்ணை நினைத்ததுண்டு. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளி பல குடும்பங்களின் உயிர் காத்தது. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் அரசு 'பச்சைப் புத்தகத் திட்டம்' என்ற பெயரில் வீடுதோறும் காய்கறி பயிரிட ஊக்கமளித்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டுக்குள் அடைபட்டிருந்தோர் பலர் தொட்டிகளில் விதை ஊன்றினர். நெருக்கடி நீங்கியதும் தொட்டிகள் பல வெறுமையாயின. தேவையால் பிறந்த பழக்கம் தேவையோடு மறைவது இயல்பே. பழக்கமாய் நிலைப்பதற்கு, ஒருவர் செய்வதை மற்றொருவர் அருகே நின்று பார்க்க வேண்டும்.

ஆதலால் கொடியில் கடைசியாக நிற்கும் நல்ல காய் ஒன்றைப் பறிக்காமல் விட வேண்டும். கலப்பின விதையில் விளைந்தது தாயைப் போல் வராது. நாட்டு வகையாயின் வரும். அது பருத்து, மஞ்சளித்துப் பழமாகட்டும். பழத்தைப் பிளந்து, விதையைச் சதையோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க விட்டு, கழுவி, நிழலில் உலர்த்தினால் அடுத்த விதைப்புக்கும், அதற்கடுத்த வீட்டுக்கும் விதை ஆயிற்று. லயத்துத் தாய்மார் சாம்பலில் புரட்டிக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டது இதையே. மடித்த காகிதத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது, எப்படி விதைப்பது என்று அவர்கள் கேட்பார்கள். சொல்வதற்கு அப்போது ஓர் ஆள் இருப்பார்; கூடவே நின்று கேட்க ஒரு சிறுவனும் இருப்பான்.